ஊசி சிவப்பைத் தொடாமல்

மார்கழி பிறந்தால் கடையில் எனக்கு ஒரு வேலை கூடிவிடும். ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துவிட்டு, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் அந்த வருடம் எனக்குப் பிடித்த எலக்ட்ரானிக் இசை ஆல்பங்களின் பெயர்களை எழுதுவேன். நாலு பெயர், மிஞ்சிப்போனால் ஐந்து. பொங்கலுக்குத் திருப்பூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஊருக்கு வருகிற பையன்கள் நேரே கடைக்கு வந்து, "கம்ப்யூட்டர் மியூசிக்கா புதுசா ஏதாச்சும் போட்டுக் குடுங்கண்ணே" என்று நிற்பார்கள். அந்த நேரத்தில் நான் யோசித்துக்கொண்டு நிற்க முடியாது. அதற்காக ஆரம்பித்த பழக்கம், போகப்போக எனக்கே வேண்டிய ஒன்றாகிவிட்டது. ஒரு வருடம் முழுக்கக் கேட்டதில் எது மனதில் தங்கியது என்பதை அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

கம்பத்தில் 22 வருடம் கேசட் பதிவு செய்து கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் எட்டுக்குப் பத்து கடை. வெளியே 'ரிக்கார்டிங் சென்டர்' என்று போர்டு. உள்ளே ஒரு ரிக்கார்டு பிளேயர், இரண்டு கேசட் டெக், ஒரு ஆம்ப்ளிபயர், மரப்பெட்டியில் அடைத்த இரண்டு ஸ்பீக்கர், ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசர். வயற்காட்டு மோட்டார்கள் ஓடுகிற நேரத்தில் கரண்டு நிலையாக நிற்காது. அதனால் முக்கியமான பதிவுகளை ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வைத்துக்கொள்வேன். இசைத்தட்டு வாங்க மதுரைக்குப் போவேன். காலையில் பஸ் ஏறினால் திரும்பி வர ராத்திரியாகிவிடும். தட்டு வெயிலில் வளைந்துவிடக் கூடாது என்று மடியிலேயே வைத்துக்கொண்டு வருவேன்.

இந்தத் தொழிலைப் பற்றி ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அன்றைக்குத் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இப்படிக் கடைகள் இருந்தன. பாட்டை உருவாக்கியவர்களுக்குச் சேர வேண்டிய பணம் எங்கள் கடைகளிலிருந்து போய்ச் சேரவில்லை. 1984-லேயே பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். நாங்கள் செய்தது தவறு. அந்த இசையால் இத்தனை வருடம் சாப்பிட்டவன் என்ற முறையில், அந்தக் கடன் எனக்கு இருக்கிறது. இதை எழுதுவதும் ஒருவகையில் அந்தக் கடனை நினைத்துத்தான்.

பதிவு செய்கிறவன் பாட்டைக் கேட்கிற விதம் வேறு. 60 நிமிடக் கேசட்டில் பதிய 60 நிமிடம் ஆகும். இடையில் எழுந்து போக முடியாது. தட்டில் கீறல் இருந்தால் முள் தாவும், சில நேரம் டெக்கில் டேப் சிக்கும். எனவே முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்தே கேட்டாக வேண்டும். விசேஷ நாட்களில் ஒரே ஆல்பத்தை ஒரு வாரத்தில் முப்பது தடவை கேட்டிருக்கிறேன். முப்பதாவது தடவையும் அலுக்காத ஆல்பம்தான் நோட்டுக்குப் போகும்.

கேட்பதோடு பார்ப்பதும் உண்டு. டெக்கின் முகப்பில் இடது, வலது என இரண்டு சின்னக் கண்ணாடிகள். அவற்றுக்குள் இரண்டு ஊசிகள். சத்தம் ஏறினால் ஊசி வலப்பக்கம் சாயும். பூஜ்ஜியத்தைத் தாண்டினால் சிவப்புக் கோடு. வருடக்கணக்கில் அந்த ஊசிகளைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. தபேலா வாசிக்கும்போது ஊசி ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு உயரத்துக்குப் போகும். கை ஒரு தடவை கொஞ்சம் அழுத்தும், ஒரு தடவை தளரும், வாசிக்கிறவர் உற்சாகமானால் ஊசியும் கூடவே துள்ளும். ரிதம் மெஷின் வந்த பாட்டில் ஊசி ஒரே இடத்துக்குப் போகும், ஒரே இடத்துக்குத் திரும்பும். முதலில் அது எனக்கு ஒட்டவில்லை. சுருளி அருவியைக் கேட்டு வளர்ந்த காது. எந்த நாளும் அது ஒரே மாதிரி விழுந்ததில்லை. இந்த மெஷின் மட்டும் ஏன் இப்படி அடம் பிடிக்கிறது என்று நினைத்திருக்கிறேன்.

அந்த எண்ணம் மாறிய வருடம் 1986. நோட்டில் அந்தப் பக்கம்தான் கைபட்டுக் கைபட்டு அதிகம் அழுக்கேறியது.

அதில் முதலில் எழுதிய பெயர் 'விக்ரம்'. கமல்ஹாசன் நடித்து, சுஜாதா கதை எழுதி, ராக்கெட்டும் கம்ப்யூட்டருமாக வந்த படம். தலைப்புப் பாட்டைக் கமலே பாடியிருந்தார். குரலுக்கு அடியில் இயந்திரத் தாளம் விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். கம்பம் மெட்டு வழியாக ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள் அன்றைக்கு விடியற்காலை நாலரை மணிக்கே தெருவில் நிற்கும். அந்த ஜீப் டிரைவர்கள்தான் என் பெரிய வாடிக்கை. கொண்டை ஊசி வளைவில் தூக்கம் வராமல் இருக்க வேண்டும், பின்னால் உட்கார்ந்திருக்கிற பெண்களும் அலுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு ஏற்ற பாட்டாக அந்த வருடம் 'விக்ரம்' இருந்தது.

இரண்டாவது பெயர் 'புன்னகை மன்னன்'. 1986 தீபாவளிக்கு வந்த கே. பாலசந்தர் படம். கம்ப்யூட்டரில் போட்ட இசை என்ற பேச்சு படத்துக்கு முன்னாலேயே கம்பத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. இசை இளையராஜா. எங்களுக்கு அவர் மெட்ராஸ்காரர் இல்லை. உத்தமபாளையம் போய்க் கோம்பையைத் தாண்டினால் பண்ணைப்புரம். அந்த ஊரில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு ஆர்மோனியப் பெட்டியும் கையுமாக மேடை மேடையாக ஏறியவர். அவர் கச்சேரியைத் தரையில் உட்கார்ந்து கேட்டவர்கள் எங்கள் கடைக்கே வருவார்கள். அந்தப் பண்ணைப்புரத்துக்காரர் கம்ப்யூட்டரில் இசை போட்டிருக்கிறார் என்றால் ஊருக்கே அது சொந்த வீட்டுச் செய்தி.

அதில் வேலை செய்த கருவியின் பெயர் சீக்வென்சர். எந்தச் சுரம், எந்த நேரத்தில், எவ்வளவு அழுத்தத்தில், எவ்வளவு நீளத்துக்கு என்று சொல்லி வைத்தால் அதை நினைவில் வைத்துக்கொண்டு சிந்தசைசர்களை வாசிக்க வைக்கும். வேறு வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான மிடி என்ற பொது ஏற்பாடு 1983-ல்தான் வந்திருந்தது. மூன்று வருடத்தில் அது தமிழ்ப் படத்துக்குள் வந்துவிட்டது. இந்தப் படத்தில் சீக்வென்சரோடு மல்லுக்கட்டியவர் திலீப் என்கிற இருபது வயதுகூட நிறையாத பையன். ஆறு வருடம் கழித்து 'ரோஜா'வில் அவரே ஏ.ஆர். ரகுமானாக வந்தார்.

அந்த ஆல்பத்தில்தான் நான் தப்பு செய்தேன். தீபாவளி முடிந்த மறுவாரம் ஒரு ஜீப் டிரைவர் வந்தார். "அண்ணே, மேட்டுல ஏறுறப்ப இஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. நல்லா ஏத்திப் போட்டுக் குடுங்க" என்றார். நானும் லெவலை ஏற்றினேன். படத்தின் குரலில்லாத தீம் இசை வந்தபோது ஊசி பூஜ்ஜியத்தைத் தொட்டுத் தொட்டுத் திரும்பியது. சிவப்புக்குள் போகவே இல்லை. சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்து, பேர் எழுதிக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் சாயங்காலம் கேசட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "பாட்டு பூரா இரையுதுண்ணே. அடி விழுற இடத்துல எல்லாம் துணி கிழிஞ்ச மாதிரி இருக்கு" என்றார். போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது நிஜம். அடித்தாளம் கரகரத்தது, மேலே வருகிற 'சல்சல்' ஒலி மழுங்கிக் கிடந்தது.

ஊசி சிவப்பைத் தொடவே இல்லை, பிறகு எப்படி இரைந்தது? ரெண்டு நாள் அதுவே மண்டைக்குள் ஓடியது. மதுரையில் ரேடியோ ரிப்பேர் பார்க்கிற ஒரு பெரியவரிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை. "அந்த ஊசி சோம்பேறிப்பா. அது எந்திரிச்சு நிக்கிறதுக்குள்ள அடி விழுந்து முடிஞ்சுபோயிரும்" என்றார்.

விஷயம் இதுதான். அந்த வகை மீட்டரின் ஊசி முழு அளவுக்கு எழும்ப ஒரு விநாடியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். பாடுகிற குரல், வயலின், நாதஸ்வரம் எல்லாம் நீண்டு ஒலிப்பவை. அவற்றை ஊசி ஏறக்குறையச் சரியாகக் காட்டிவிடும். இயந்திரத் தாளத்தின் அடியோ கண் இமைப்பதற்குள் உச்சிக்குப் போய்விட்டு இறங்கிவிடும். ஊசி பாதி வழி வருவதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். ஊசி காட்டுவதைவிட உண்மையான அடி பல மடங்கு உயரம். டேப்பின் மேல் பூசியிருக்கிற இரும்புத் துகளுக்கு ஓர் அளவுக்கு மேல் காந்தம் ஏறாது. அளவு நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றினால் வழிவது போல, மிஞ்சிய சத்தம் உருக்கெட்டு இரைச்சலாகும். உச்ச ஒலிகள் முதலில் அடிபடும்.

அன்றிலிருந்து எலக்ட்ரானிக் இசை என்றால் ஊசியைப் பூஜ்ஜியத்துக்கு அனுப்புவதே இல்லை. அஞ்சு, ஆறு கோடு கீழேயே நிறுத்திவிடுவேன். டெக்கில் டேப் உரசிப் போகிற ஹெட்டை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து, ஹெட்டின் பக்கத்துத் திருகை உச்ச ஒலி தெளிவாகக் கேட்கிற இடத்துக்குத் திருப்பி வைத்து, பிறகுதான் பதிவு. ஜீப்காரருக்கு மறுபடி பதிந்து கொடுத்தேன், காசு வாங்கவில்லை. பழகிய காதுக்கு முதலில் சத்தம் குறைவாகத்தான் தெரியும். ஆகவே கேசட் அட்டையின் உள்பக்கம் சின்ன எழுத்தில் 'வால்யூமை அங்கே கூட்டிக்கொள்ளவும்' என்று எழுத ஆரம்பித்தேன். அது கடையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. கம்பம் மெட்டில் ஏறி இறங்கி வந்த டிரைவர், "இப்பத்தான்ணே பாட்டுக்குள்ள காத்து வருது" என்றார்.

அவர் சொன்ன காற்றை நானும் அப்புறம்தான் கேட்டேன். அடக்கிப் பதிந்தபோது, அடிக்கும் அடிக்கும் நடுவில் இருக்கிற வெற்றிடம் துலங்கியது. மெஷின் ஒரே உயரத்தில் அடிப்பது எதற்கு என்று அதுவரை நினைத்தவனுக்கு, அந்த வெற்றிடத்தை எவ்வளவு கவனமாக ஒருவர் அளந்து வைத்திருக்கிறார் என்பது புரிந்தது. கை வாசிக்கும்போது இடைவெளி தானாக வந்துவிடும். சீக்வென்சரில் ஒவ்வொரு இடைவெளியையும் யோசித்து எண்ணாகப் போட்டாக வேண்டும். அந்தத் தீம் இசையில் எனக்குப் பிடித்தது அங்கேதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஆல்பங்களைச் சோதிக்க ஒரு முறை வைத்துக்கொண்டேன். முதலில் கடை ஸ்பீக்கரில். அடுத்து எதிர்ச் சாரி டீக்கடையில், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒற்றை ஸ்பீக்கர் டேப் ரிக்கார்டரில். கடைசியாக ஒரு ஜீப்பில், இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது. நல்ல ஸ்பீக்கரில் எதுவும் நன்றாகத்தான் இருக்கும். டீக்கடையில் இடதும் வலதும் ஒன்றாகி அடிச்சத்தம் முழுக்கப் போய்விடும். அப்போதும் மெட்டு தனியாக நிற்கிறதா? ஜீப்பில் நடுவில் உள்ளதை இஞ்சின் விழுங்கிவிடும். அப்போதும் தாளம் பிடிபடுகிறதா? மூன்றிலும் தேறியதை நோட்டில் எழுதினேன். கருவி எத்தனை புதுசு என்பது டீக்கடைக்குத் தெரியாது. பாட்டு இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது பெயர் வெளிநாடு. துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் பெட்டியில் கொண்டுவந்த கேசட், ஜெர்மனியின் மாடர்ன் டாக்கிங் இரட்டையர் அந்த வருடம் வெளியிட்ட 'ரெடி ஃபார் ரொமான்ஸ்'. மொழி புரியாத ஜீப்பிலும் அது ஓடியது. பல்லவி ஒரே தடவையில் வாய்க்கு வந்துவிடும். அதன் தாளம் ஊசியை நகரவிடாமல் ஓர் இடத்தில் கட்டிப்போட்டது போல இருக்கும். ஆழம் அதிகம் இல்லை. ஆனால் ஒற்றை ஸ்பீக்கரில் அதன் ஒரு பாட்டுகூட உடையவில்லை. தொழில் தெரிந்தவர்கள் போட்டது என்பதற்கு அது போதும் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

நாலாவது, பிரான்ஸ் நாட்டு ழான் மிஷேல் ழார் போட்ட 'ராந்தேவூ'. அதுவும் அதே வருடம், அதே பெட்டியில் வந்தது. சிந்தசைசர் கோயில் மணி போலவும் சர்ச் ஆர்கன் போலவும் எழும்பி வரும். ஒளிக்கற்றைகளைக் கையால் மறித்து வாசிக்கிற லேசர் ஹார்ப் என்ற கருவியை அவர் அதில் பயன்படுத்தினார் என்பதைப் பின்னாளில் படித்தேன். கடைசித் துண்டில் மட்டும் ஒரு சாக்ஸபோன். ரான் மெக்நேர் என்ற விண்வெளி வீரர் அதை விண்வெளியில் வாசிப்பதாக ஏற்பாடு. 1986 ஜனவரி 28-ல் அவர் ஏறிய சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73 விநாடியில் சிதறி ஏழு பேரும் இறந்துபோனார்கள். அந்தத் துண்டை அவர் பெயரிலேயே வைத்து, ஏப்ரலில் ஹூஸ்டன் நகரத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கூட்டத்துக்கு முன் வாசித்தார்கள்.

இந்தக் கதை எதுவும் தெரியாமல்தான் அன்றைக்குப் பதிந்தேன். ஆல்பம் மொத்தம் முப்பத்தைந்து நிமிடம்தான். 60 நிமிடக் கேசட்டில் மிச்சம் நிறைய இடம். பொதுவாக வாடிக்கைக்காரர்கள் ஓர் அங்குல டேப்பைக்கூடச் சும்மா விட மாட்டார்கள். "மிச்ச இடத்துல என்னத்தையாச்சும் போட்டு நிரப்பிருங்க" என்பார்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் நான் நிரப்பிக் கொடுக்க மறுத்தேன். அத்தனை இயந்திரத்துக்குப் பிறகு ஒரு மனித மூச்சு வந்து முடிகிற இடத்தில் வேறு பாட்டை ஒட்டவைக்கக் கை வரவில்லை. கேட்டவர்களிடம், "முடிஞ்சதும் கொஞ்ச நேரம் சும்மா இருங்க, அதுவும் பாட்டுத்தான்" என்று சொல்லிக் கொடுத்தேன்.

பக்கத்தின் அடியில் ஒரு கோடு போட்டு, பட்டியலுக்கு வெளியே ஒரு பெயர் எழுதியிருக்கிறேன். இளையராஜா அதே 1986-ல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்'. தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாகப் போட்டது. வி.எஸ். நரசிம்மனின் வயலின் ஓடுகிற ஆல்பம். எலக்ட்ரானிக் பட்டியலில் அதற்கு இடம் கிடையாது. எழுதியதற்குக் காரணம் உண்டு. ஒரே வருடத்தில் ஒரே மனிதர் சீக்வென்சரில் ஓர் உலகத்தையும் வயலின் கம்பியில் இன்னோர் உலகத்தையும் கட்டியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்த ராத்திரி பதிந்தேன். ஊசி இரண்டிலும் வேறு வேறு மாதிரி ஆடியது. நடுவில் விட்ட இடைவெளியில் மட்டும் ஒரே கையைக் கேட்டேன்.

அதற்குப் பிந்திய பக்கங்களை விரைவாகப் புரட்டிவிடுகிறேன். 1992-ல் 'ரோஜா' வந்தபோது டீக்கடைச் சோதனையே வேண்டியிருக்கவில்லை, டீக்கடைக்காரரே கேட்டு வாங்கிப்போனார். 1993-ல் 'திருடா திருடா'. கருவியே இல்லாமல் மனிதக் குரல்களை மட்டும் அடுக்கிச் செய்த ஒரு பாட்டு அதில் உண்டு. எலக்ட்ரானிக் பட்டியலில் அதைச் சேர்க்கலாமா என்று எனக்குள்ளேயே வாதாடி, கடைசியில் சேர்த்தேன். குரலைக் கருவிபோல அடுக்குகிற அந்தக் காது ஸ்டுடியோவில் வளர்ந்த காது. 1994-ல் 'காதலன்'. அதன் அடித்தாளத்துக்கு ஊசியை இன்னும் ரெண்டு கோடு இறக்கினேன். பிறகு சி.டி., எம்.பி.3. ஒரே தட்டில் நூறு பாட்டு வந்தபின் ஆல்பம் என்று உட்கார்ந்து கேட்பது குறைந்தது. 2005-ல் கடையை மூடினேன்.

மூடிய பிறகு கேட்டதில் இரண்டு ஆல்பங்களை நோட்டில் சேர்த்திருக்கிறேன். இரண்டும் பழையவை, எனக்குத் தாமதமாக வந்தவை. ஒன்று, மும்பை சினிமா இசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982-ல் செய்த 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. பைரவ், யமன், மால்கௌன்ஸ் என்று பத்து ராகங்களை ரோலண்ட் கம்பெனியின் ஒரு தாளப்பெட்டி, ஒரு பேஸ் பெட்டி, ஒரு சிந்தசைசர் என மூன்றே கருவிகளில் வாசித்திருக்கிறார். அன்று விற்காமல் போன தட்டு. 2010-ல் மறுபதிப்பு வந்தபோது, சிகாகோவில் 1987-ல் பிறந்ததாகச் சொல்லப்படும் ஆசிட் ஹவுஸ் இசையின் ஒலி அதற்கு அஞ்சு வருடம் முன்பே மும்பையில் இருந்திருக்கிறதே என்று உலகம் அவரைத் தேடி வந்தது. 2015-ல் அவர் காலமாவதற்கு முன் அந்த மரியாதையைப் பார்த்துவிட்டுப் போனார் என்பதில் எனக்கு நிம்மதி.

இன்னொன்று, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969 முதல் 1972 வரை மூக் சிந்தசைசரில் செய்த பதிவுகளின் தொகுப்பு. டேவிட் டியூடர் என்ற அமெரிக்கர் அங்கே வந்து ஸ்டுடியோ அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய் போன்றவர்கள் வாசித்தார்கள். டேப்புகள் அங்கேயே கிடந்து, 2023-ல் வெளியே வந்தன. அரை நூற்றாண்டு பெட்டியில் இருந்த டேப் இன்னும் பேசுகிறது என்பதைக் கேட்டபோது எனக்கு என் தொழில்தான் ஞாபகம் வந்தது.

ஏனென்றால் இப்போது என்னிடம் வருவதும் பழைய டேப்புகள்தான். வீட்டில் ஒரு டெக் மட்டும் வைத்திருக்கிறேன். அப்பா குரல் இருக்கிறது, தாத்தா கேட்ட பாட்டு இருக்கிறது என்று கொண்டுவருகிறார்கள், பென் டிரைவில் ஏற்றிக் கொடுக்கிறேன். போன வருடம் ஒரு பெண் ஒரு பையில் பத்துப் பன்னிரண்டு கேசட் கொண்டுவந்தாள். அப்பா ஜீப் ஓட்டினாராம். அதில் ஒரே ஆல்பம் இரண்டு கேசட்டில் இருந்தது. 'புன்னகை மன்னன்'. இரண்டிலும் என் கையெழுத்து. இரைந்ததையும் அந்த மனிதர் தூக்கிப் போடாமல் வைத்திருந்திருக்கிறார்.

டேப்பை இழுக்கிற பிஞ்ச் ரோலரைத் துடைத்துவிட்டு முதலில் இரைந்த கேசட்டைப் போட்டேன். பாட்டு ஆரம்பிப்பதற்கு ஒரு நொடி முன்பே, மங்கலாக, பாட்டின் நிழல் கேட்டது. டேப் சுருளாக வருடக்கணக்கில் கிடந்தால், ஒரு சுற்றில் ஏறியிருக்கிற காந்தம் அதை ஒட்டிய அடுத்த சுற்றிலும் லேசாகப் படியும். லெவலை ஏற்றிப் பதிந்த டேப்பில் அது அதிகம். அடி விழுவதற்கு முன் அடியின் ஆவி விழும். அளந்து வைத்த வெற்றிடங்கள் எல்லாம் அழுக்காகிக் கிடந்தன.

பிறகு இரண்டாவது கேசட். அட்டையின் உள்பக்கம் 'வால்யூமை அங்கே கூட்டிக்கொள்ளவும்' என்று மங்கிய மை. ஊசி கீழேயே நின்று ஆடியது. தீம் இசைக்கு முன் இருக்கிற மௌனத்தில் டேப்பின் மெல்லிய இரைச்சலைத் தவிர எதுவும் இல்லை. முதல் அடி அதன் நேரத்துக்கு வந்தது.

அந்தப் பெண்ணுக்கு இரண்டையும் ஏற்றிக் கொடுத்தேன். எது நல்லது என்று கேட்டாள். "ரெண்டாவதைக் கேளும்மா. சத்தம் கம்மியா இருக்கும், நீ கூட்டிக்க" என்றேன்.